மேட்டில் மட்டும் மிஸ் அடித்த ஜீப்

இருட்டோடு எழுந்து எஸ்டேட் ஜீப்பில் ஏறியவர்கள் நம்மில் இன்னும் கொஞ்சம் பேர் மிச்சம் இருக்கிறோம். முட்டி போனவர்கள், கண் போனவர்கள், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்கள். உங்களுக்காகத்தான் இது. மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும்.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நீட்டிச் சொல்ல வராது. ஒரு மழைக்காலத்தை மட்டும் சொல்கிறேன்.

அந்த வருஷம் என்னை ஆறாம் வகுப்புக்கு அனுப்பவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் அப்பாவும் சொல்லவில்லை. ஆடி பிறந்ததும் அம்மா என் கையில் ஒரு சாக்கைக் கொடுத்தாள். சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் திணித்தால் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணி ஆகிவிடும். மழைக்கும் அதுதான், குளிருக்கும் அதுதான். அதைப் போட்டுக்கொண்டு அவளோடு மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனேன். அன்றைக்கு ஆரம்பித்த வேலை. பிறகு நிற்கவே இல்லை.

ஜீப்பை ஓட்டியது என் அப்பா. ஜீப் அவருடையது அல்ல. மலைக்குக் கீழே எங்கள் ஊரான கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த முதலாளியுடையது. ராத்திரி மண்டியில்தான் நிற்கும். விடிவதற்கு முன்னால் அப்பா போய் எடுத்துக்கொண்டு வருவார். தெருமுனையில் நாங்கள் நிற்போம். ஏறி உட்கார்ந்தால் பழுத்த வாழைத்தார் வாடையும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து அடிக்கும். வெறும் வயிற்றுக்கு அது ஆகாது. முதல் வாரம் நான் தினமும் வாந்தி எடுத்தேன். எல்லோரும் முதல் வாரம் எடுத்தவர்கள்தான்.

இப்போது ஓடுகிறதெல்லாம் டீசல் வண்டி. அது பெட்ரோல் ஜீப். பின்னால் இரண்டு பலகை, மேலே கிழிந்த தார்ப்பாய். எட்டுப் பேர் உட்காருகிற இடத்தில் எத்தனை பேர் உட்கார்ந்தோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தி மடியில் ஒருத்தி. வளைவு திரும்பினால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வோம். யார் கை யார் கால் என்று தெரியாது.

எங்கள் ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் ஜீப்பிலும் இருந்திருக்கலாம். காலைச் சோற்றை யாரும் வீட்டில் தின்ன மாட்டோம். அந்த நேரத்தில் தின்ன முடியாது. தூக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு வருவோம். மேலே எஸ்டேட் போய்ச் சேர்ந்து, பேர் கொடுப்பதற்கு முன்னால் நின்றபடியே தின்போம். மலைக் குளிரில் அந்தச் சோறு கல் மாதிரி ஆகிவிடும். விரல் வேறு விறைத்திருக்கும். பிசையக்கூட வராது. அதனால் ஏறும்போதே ஜீப்பின் பானட்டைத் திறந்து தூக்குகளை எஞ்சினுக்குப் பக்கத்தில் அடுக்கிவிடுவார்கள். இலைப் பொட்டலம் கொண்டுவருகிறவர்கள் இடுக்கில் செருகுவார்கள். மேலே போய் எடுத்தால் சோறு வடித்த சூட்டில் இருக்கும். கொஞ்சம் பெட்ரோல் வாடை அடிக்கும். அது பழகிவிட்டது.

இது முதலாளிக்குத் தெரியாது. அப்பாதான் விட்டுக்கொடுத்தது. கண்டித்துச் சொல்கிற மனுஷன் இல்லை அவர். "வயரு மேல வைக்காதீகத்தா" என்று மட்டும் சொல்வார். தினமும் சொல்வார். தினமும் வைப்பார்கள்.

எஞ்சினில் ஒரு பக்கம்தான் நல்ல சூடு. புகைக் குழாய் இருக்கிற பக்கம். அந்தப் பக்கத்துக்குப் போட்டி. அம்மா டிரைவர் பெண்டாட்டி. அவளும் போட்டிக்குப் போனால் நன்றாக இருக்காது. அதனால் அவள் தூக்கு எப்போதும் சூடு குறைந்த பக்கம், பிளக் வயர்கள் ஓடுகிற பக்கம் இருக்கும். ஈயம் பூசிய பழைய பித்தளைத் தூக்கு. மூடி சரியாக மூடாது. குலுங்கினால் பருக்கை சிந்தும்.

ஆடி பாதியில் ஒரு நாள் எஸ்டேட் வாசலில் வண்டி நின்றதும் சித்தி பானட்டைத் திறந்து கையை விட்டாள். சித்தி என்றால் அம்மாவின் கூடப் பிறந்த தங்கச்சி. வாய் நீளம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் நிறுத்தினால் திரும்பக் கிளம்ப அழும் என்று அப்பா நிறுத்த மாட்டார். சித்தி கையை விட்டவள் "ஆத்தாடி!" என்று துள்ளிப் பின்னால் விழுந்தாள்.

"என்னடீ?" என்றாள் அம்மா.

"கடிக்குதுக்கா. சுர்ருன்னு முழங்கை வரைக்கும் ஏறுது."

"சூடு சுட்டுருக்கும்."

"சூடு எனக்குத் தெரியாதா? இது கடி. ஏக்கா, மச்சான் கடிக்கிறாரோ இல்லையோ, அவரு வண்டி நல்லாக் கடிக்குது."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை. நானும் சிரித்தேன். அப்பா அந்தப் பக்கம் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கேட்டிருக்காது.

பிறகு அம்மாவையும் ஒரு தரம் கடித்தது. இன்னும் ஓரிரண்டு பேரை. மழை நாளில்தான் கடிக்கும். கையில் கொங்காணி நுனியைச் சுற்றிக்கொண்டு எடுக்கப் பழகிக்கொண்டார்கள். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை.

"சொல்லிப்புடாதக்கா," என்றாள் சித்தி. "சொன்னா, சோத்த எடுங்கன்னுருவாக. அப்புறம் இந்தக் குளிர்ல கல்லத்தான் திங்கணும்."

அம்மாவுக்கும் அது சரி என்று பட்டது. எனக்கும்தான்.

அதே நாட்களில்தான் ஜீப் மிஸ் அடிக்க ஆரம்பித்தது.

கீழே கம்பத்தில் நன்றாக ஓடும். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நேர் ரோட்டில் நன்றாக ஓடும். மேடு ஏற ஆரம்பித்து, மேலே நாலைந்து வளைவு போய், நாம் மஞ்சு என்று சொல்லும் மூடுபனி வந்து மூடினதும் திக்கும். எஞ்சின் விட்டு விட்டு இழுக்கும். வண்டி முன்னும் பின்னும் உதறும். புகைக் குழாயில் பட்டென்று வெடிக்கும். கடைசியில் வளைவில் நின்றுவிடும். நாங்கள் இறங்கி நடப்போம். அப்பா வெறும் வண்டியை உருட்டி உருட்டி மேலே கொண்டுவருவார்.

"ஏ மச்சான், வண்டிக்கு ஒரு காப்பித்தண்ணி வாங்கிக் குடுத்துப் பாருங்களேன்," என்பாள் சித்தி. அப்பா பானட்டைத் திறக்கப் போய்விடுவார்.

நேரம் கழித்துப் போனால் கங்காணி உள்ளே விட மாட்டான். மலையாளத்து ஆள். குடைக்குள் நின்றபடி, "இன்னு பணியில்லா. பொய்க்கோ," என்று கையை ஆட்டுவான். அவ்வளவுதான். அன்றைக்குக் கூலி இல்லை. ஈரத்தோடு திரும்பி வர வேண்டும். ஈரத்தோடு போவது பெரிதில்லை. ஈரத்தோடு சும்மா திரும்பி வருவதுதான் உடம்பை அறுக்கும்.

முதலாளி ஜீப்பை மெக்கானிக்கிடம் விட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்தான். அப்புறம் புதுசே போட்டான். பாயிண்டை மாற்றினான். கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினான். வயரைப் பார்த்தானா என்று கேட்டால் பார்த்தான். மேலாகப் பார்த்தால் வயர் நன்றாகத்தான் இருந்தது. பிறகு முதலாளியை உட்கார வைத்து உச்சி வெயிலில் உத்தமபாளையம் வரை ஓட்டிக் காட்டினான். குதிரை மாதிரிப் போனது.

மறுநாள் விடியற்காலை மேட்டில் நின்றுவிட்டது.

இப்படியே போனது. வெயிலில் மெக்கானிக் ஓட்டினால் ஓடும். மஞ்சில் அப்பா ஓட்டினால் நிற்கும். ஆளைத்தான் பார்த்தார்களே தவிர, வெயிலையும் மஞ்சையும் யாரும் பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் இவ்வளவு கண்ணுக்கு முன்னால் கிடந்த விஷயம் ஏன் தெரியவில்லை என்று இருக்கிறது. வருஷா வருஷம் மஞ்சைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். மஞ்சு அவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை.

ஒரு சாயங்காலம் மண்டி வாசலில் நாங்கள் இறங்கியபோது முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் பக்கத்தில் நின்றான். அம்மாவும் நானும் சித்தியும் மட்டும்தான் அப்போது கூட இருந்தோம்.

"என்னப்பா, இன்னிக்கும் நின்னுருச்சாமே?"

"ஆமா மொதலாளி."

"இவன் என்ன சொல்றான்னு கேட்டியா?"

மெக்கானிக் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னான். "பிளக்கு புதுசு. பாயிண்ட் புதுசு. கார்பரேட்டரக் கழுவியாச்சு. இனி ஓட்டுற ஆளத்தான் கழுவணும்."

முதலாளி சிரிக்கவில்லை. "கையக் காட்டு," என்றார்.

அப்பா கையை நீட்டினார். முதலாளி எழுந்து வந்து குனிந்து மோந்து பார்த்தார். ஒரு பெரிய மனுஷன் இன்னொரு மனுஷன் கையை மோந்து பார்த்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மண்ணெண்ண வாடை."

"கிரீஸ் போகக் கழுவுனது."

"கையில இம்புட்டு வாடைன்னா டேங்குல எம்புட்டு இருக்கும்? பெட்ரோல மேல வித்துட்டு மண்ணெண்ணய ஊத்துற. மேடுன்னா இழுக்குமா? நிக்கத்தான் செய்யும்."

"அப்படி நான் செய்யல மொதலாளி."

அவ்வளவுதான் அப்பா சொன்னது. சத்தம் போடவில்லை. சாமி மேல் சத்தியம் செய்யவில்லை. செய்யாத ஆள் இப்படி நிற்க மாட்டான் என்று முதலாளிக்குத் தோன்றியிருக்கும். இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டிருந்தால் நம்பியிருப்பார். என்ன செய்வது, அப்பாவுக்குச் சத்தம் போடத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்தக் கஷ்டம் எனக்குப் பிறகு புரிந்தது.

"சரி," என்றார் முதலாளி. "நாளைக்கு நானே வாரேன். டேங்கக் காலி பண்ணிட்டு என் கையால பெட்ரோல் ஊத்துறேன். வண்டி ஒழுங்கா மேடு ஏறுச்சுன்னா நீ கலந்தது நெசம். அங்கனயே சாவியக் குடுத்துட்டு எறங்கி நடந்துரணும். கம்பத்துல ஒருத்தனும் உனக்கு வண்டி குடுக்க மாட்டான்."

"நின்னுச்சுன்னா?" என்று கேட்டாள் சித்தி. யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை.

"நிக்காது," என்றார் முதலாளி.

வீட்டுக்கு நடந்தோம். அப்பா முன்னால். அம்மா வீட்டுக்குள் போனதும் நேராக அடுப்புக்குப் பின்னால் போனாள். ரேஷன் மண்ணெண்ணெய் வைத்திருக்கும் புட்டி அங்கே இருக்கும். அதைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எண்ணெய் குறைந்திருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் விளக்குக்கு எரிந்த குறைச்சல் இல்லை. அவள் புட்டியைத் திரும்ப வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

சோறு போட்டாள். ஆனால் தட்டை அவர் முன்னால் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அப்பா அதைப் பார்த்தார். இழுத்து வைத்துக்கொண்டு தின்றார்.

புட்டியை அவள் பார்த்ததை நான் பார்த்தேன். அவள் முதலாளியை நம்பிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் என்ன நம்பினேன் என்று கேட்டால், நான் ஒன்றும் நம்பவில்லை. அப்பா வேலை போய்விட்டால் என்ன தின்போம் என்று மட்டும் நினைத்தேன்.

மறுநாள் முதலாளி முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். கையில் நீளமான டார்ச் லைட். பெட்ரோலை அவரே ஊற்றியிருந்தார். அப்பா முதல் நாள் ராத்திரியே சித்தி மூலமாகப் பெண்களுக்குச் சொல்லிவிட்டார், பானட்டுக்குள் ஒன்றும் வைக்கக் கூடாது என்று. எல்லோரும் தூக்கை மடியில் வைத்துக்கொண்டோம். சித்திகூடப் பேசவில்லை.

அன்றைக்குப் பார்த்து மழை இல்லை. வானத்தில் வெள்ளி தெரிந்தது. நேர் ரோட்டில் ஜீப் வழுக்கிக்கொண்டு போனது. மேடு ஆரம்பித்தது. ஏறியது. முதல் வளைவு, அடுத்த வளைவு, ஒரு திக்கல் இல்லை. முதலாளி டார்ச்சைத் தொடையில் தட்டிக்கொண்டே வந்தார்.

உங்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன். வண்டி நின்றால்தான் அப்பா தப்பிப்பார். அத்தனை நாளாக நிற்காதே நிற்காதே என்று வேண்டிக்கொண்டு போன வண்டியில் உட்கார்ந்து, நின்றுவிடு நின்றுவிடு என்று வேண்டிக்கொண்டேன். நின்றால் அன்றைக்கு எல்லோருக்கும் கூலி போகும். அதையும் தெரிந்துதான் வேண்டினேன். அப்பாவின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிரில் அது வேர்த்திருந்தது.

அம்மா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் எதை வேண்டினாளோ.

பாதி மலைக்கு மேல் ஒரு வளைவு திரும்பினோம். மஞ்சு வந்து மோதியது. சுவர் மாதிரி. ஹெட்லைட் வெளிச்சம் இரண்டு முழத்துக்கு மேல் போகவில்லை. தார்ப்பாய் சொட்ட ஆரம்பித்தது. அடுத்த ஏற்றத்தில் வண்டி ஒரு தரம் உதறியது.

"பட்."

யாரோ பின்னால் மூச்சு விட்டார்கள்.

இன்னொரு உதறல். பிறகு வரிசையாக. அப்பா கியரைக் குறைத்தார். எஞ்சின் நொண்டி நொண்டி இழுத்தது. ரோட்டோரம் ஒதுக்கினார். எஞ்சின் நிற்கவில்லை, ஆனால் நடுக்கம் வந்த ஆள் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"ஒங்க பெட்ரோல்தான் மொதலாளி," என்றார் அப்பா.

முதலாளி டேங்க் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "டேங்குல அடியில பழசு கிடந்துருக்கும். அது இப்பத்தான் வருது," என்றார். "இல்லேன்னா நீ கிளட்ச்சப் போட்டு உதற விடுற."

அப்போது அப்பா ஒன்று செய்தார். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. வண்டி நின்றும் அவர் தப்பிக்கவில்லை.

"பானட்டத் திற, நானே பாக்குறேன்," என்று முதலாளி இறங்கினார். அப்பா போய்த் திறந்தார். முதலாளி டார்ச் அடித்தார். எஞ்சின் முழுக்க வெளிச்சம். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மெக்கானிக் புதிதாய்ப் போட்ட பிளக்குகள் பளபளத்தன.

"எங்கடா கோளாறு? காட்டு."

அம்மா என் மடியில் தன் தூக்கை வைத்தாள். பெண்களை மிதித்துக்கொண்டு பின்னால் இறங்கினாள். நானும் இறங்கினேன். அவள் நேராக முன்னால் போனாள்.

"லைட்ட அமத்துங்க மொதலாளி," என்றாள்.

"என்னம்மா?"

"டார்ச்ச அமத்துங்க. ஏங்க, வண்டி லைட்டையும் அமத்துங்க."

"அக்கா," என்றாள் சித்தி ஜீப்புக்குள் இருந்து. மெதுவாகத்தான் சொன்னாள். எச்சரிக்கிற மாதிரி.

அப்பா ஹெட்லைட்டை அணைத்தார். முதலாளியும் டார்ச்சை அணைத்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் நடுங்குகிற சத்தம் மட்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கண் பழகியது.

அப்புறம் பார்த்தோம். அம்மாவின் தூக்கு எப்போதும் இருக்கிற பக்கம், வயர்களுக்கு அடியில், நீலமாகப் பொட்டுப் பொட்டாக மின்னியது. வயரிலிருந்து எஞ்சின் இரும்புக்குத் தாவியது. டிக் டிக் என்று பொரிந்தது. ஒன்று இங்கே, ஒன்று அங்கே. மின்மினியைச் சுள்ளியில் கட்டி வைத்த மாதிரி. இரும்பின் ஈரத்தில் ஊர்ந்து ஊர்ந்து போனது.

"இங்கனதான் கடிக்கும்," என்றாள் அம்மா.

"யாரக் கடிச்சுச்சு?" என்று கேட்டார் முதலாளி.

அவள் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் அத்தனை பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்களத்தான். சோறு சூடா இருக்கட்டும்னு தூக்க உள்ள வைப்போம். மழையன்னிக்கு எடுக்கப் போனா கையில அடிக்கும். இவுகளுக்குத் தெரியாது. நாங்க சொல்லல. சொன்னா வைக்க விடமாட்டாகன்னு சொல்லல."

அப்பா எஞ்சினை நிறுத்தினார். டார்ச்சை முதலாளி கையிலிருந்து வாங்கினார். கேட்டு வாங்கவில்லை, வாங்கிக்கொண்டார். வயர்களைப் பிடியிலிருந்து உருவி ஒவ்வொன்றாகப் புரட்டினார். மேல்பக்கம் நல்ல வயர். அடிப்பக்கம் ரப்பர் இல்லை. கொறித்துக் கொறித்து உள்ளே செம்பு தெரிந்தது. அதற்குக் கீழே தட்டில் காய்ந்த பருக்கைகள், இலைக் கிழிசல், எலிப் புழுக்கை.

மண்டியில் எலிக்குக் குறைச்சலா? வாழைக்காய்க்கு வந்த எலி சோற்று வாடைக்கு எஞ்சினுக்குள் ஏறியிருக்கிறது. பருக்கையைத் தின்றது. பிறகு வயரில் பல்லைத் தீட்டியிருக்கிறது. வெயிலில் காய்ந்திருந்தால் அந்த வயர் எப்படியோ வேலை செய்துவிடும். மஞ்சின் ஈரம் பட்டு, ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போது, பிளக்குக்குப் போக வேண்டிய நெருப்பு வழியிலேயே இரும்புக்குப் போய்விடும். இதெல்லாம் அப்பா பிறகு ஒரு நாள் சொன்னது. அன்றைக்கு அவர் நேராக வேலையில் இறங்கினார். டூல் பையிலிருந்து ஒரு பழைய சைக்கிள் டியூப்பை எடுத்தார். பட்டையாக அறுத்தார். வயர்களைத் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பட்டையை இறுக்கிச் சுற்றினார். ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இழுத்துக் கட்டினார்.

கிளப்பினார். ஒரு தரம் தும்மியது. பிறகு ஒழுங்காகப் பிடித்தது. நடுக்கம் இல்லை. அந்தச் சத்தத்தை நாங்கள் மஞ்சுக்குள் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

முதலாளி அம்மாவைப் பார்த்தார். "வண்டியில ஏறுனமா எறங்குனமான்னு இல்லாம, என் எஞ்சின்ல அடுப்பு வச்சுருக்கீக," என்றார். பின்பக்கம் திரும்பினார். "இனிமே பானட்டுக்குள்ள ஒரு பருக்கையக் கண்டேன், ஒருத்தியும் இந்த வண்டியில ஏற முடியாது. கேட்டுச்சா?"

சித்தி தூக்கை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

அப்பாவிடம் அவர் சொன்னது, "நல்ல வயரு வாங்கிப் போட்டுக்க," என்பதுதான். மேடு முடிகிற கம்பம்மெட்டில் இறங்கி, கீழே போகிற வேறு வண்டியில் ஏறிக்கொண்டார். கையை மோந்து பார்த்ததைப் பற்றி ஒன்றும் இல்லை. அதை அவர் மறந்தே போயிருப்பார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். பிறகும் வருஷக்கணக்கில் அப்பா அவர் வண்டியைத்தான் ஓட்டினார்.

எஸ்டேட் வாசலில் கங்காணி கையை ஆட்டினான். "பொய்க்கோ, பொய்க்கோ."

பெண்கள் டீக்கடைப் பக்கம் ஒதுங்கினார்கள். போகும்போது சித்தி அம்மாவிடம் சொன்னாள். "ஒன் புருசனக் காப்பாத்திட்டக்கா. எங்க வயித்துல குளிர ஏத்திட்ட." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் விளையாடாமல் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஜீப் பக்கத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அப்பா விரலில் ஒட்டியிருந்த கரியைப் புல்லில் தேய்த்தார். அம்மாவைப் பார்க்காமல் கேட்டார்.

"நீயும் அப்படித்தான நெனச்ச?"

அம்மா ஏலக்காய்க் காட்டுப் பக்கம் திரும்பினாள்.

"ஆமா."

அவர் தலையை ஆட்டினார்.

"புட்டியில எண்ணெ கொறஞ்சு கெடந்துச்சு," என்றாள்.

"பிளக்கக் கழட்டியாந்து கழுவுனேன். கொல்லையில வச்சு. தெனமும்."

"சொல்லிருக்கலாம்ல."

"கேட்ருக்கலாம்ல."

இதுதான் அவர்கள் பேசியது. அதற்கப்புறம் அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்ததில்லை.

அம்மா "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். அவர் ஏற்றுக்கொண்டிருப்பார். நான் ரொம்ப நாள் அவள்மேல் கோபமாக இருந்தேன். ஒரு பொய் சொன்னால் என்ன என்று. எனக்குப் புருஷன் வந்து, எனக்கும் ஒன்றிரண்டு கேள்விகள் கேட்கப்பட்ட பிறகுதான் அந்த "ஆமா"வின் எடை தெரிந்தது. நான் அந்த மாதிரி நேரத்தில் "இல்லை" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரத்திலிருந்து அம்மா வேறு ஜீப்பில் ஏறினாள். என்னையும் இழுத்துக்கொண்டாள். பெண்கள் அவளுக்கு நகர்ந்து இடம் கொடுக்காததால்தான் என்று ஊரில் சொன்னார்கள். அது உண்மைதான். சோறு விஷயத்தில் அவர்கள் மனசு ஆறவில்லை. ஆனால் அது மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. அந்த மனுஷனுக்குப் பின்னால் தினமும் உட்கார்ந்து அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டு போக அவளால் முடியவில்லையோ என்னவோ. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. இருட்டில் மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்புவோம். தெருமுனையில் அவர் மண்டிப் பக்கம் திரும்புவார், நாங்கள் இந்தப் பக்கம்.

புது ஜீப் மெதுவாகப் போகிற வண்டி. மேடு ஆரம்பிப்பதற்கு முன்னால், திராட்சைத் தோட்டத்து நேர் ரோட்டில் அப்பாவின் ஜீப் வந்து எங்களை முந்தும். முந்தும்போது ஹாரன் ஒரு தரம் அடிக்கும். வளைவில் எல்லா டிரைவரும் அடிப்பார்கள். அந்த ரோட்டில் அந்த நேரத்தில் ஒரு மாடுகூட நிற்காது. யாரும் அங்கே ஹாரன் அடிக்கத் தேவையில்லை.

அம்மா திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆடி போனது, ஆவணி போனது. தினமும் அடித்தார். தினமும் அவள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புரட்டாசியில் ஒரு நாள். நல்ல மஞ்சு, அன்றைக்குக் கீழேயே இறங்கி ரோட்டை மூடியிருந்தது. ஜீப் வருவது தெரியவில்லை. சத்தம் மட்டும் பின்னால் கேட்டது. பக்கத்தில் வந்தது. ஹாரன் அடித்தது. முந்திப் போனது. அம்மா அந்தச் சத்தம் மலைக்குள் போய் மறைகிற வரை காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"ஒழுங்கா ஓடுது," என்றாள்.

என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.